இத்தாலியின் ஒயின் நாட்டில் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடப்படும் ஒயின் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் விவசாயம் நடக்கும் பண்ணைகள். டிராக்டர் ஓடும், கொடிக்கு மருந்து அடிப்பார்கள், அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள். தேதி, இடம், சாப்பாடு, பேருந்து என்று கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது.

எந்தப் பகுதி நல்லது?

முதலில் விமான நிலையத்தைப் பாருங்கள், அப்புறம் அழகைப் பார்க்கலாம். தஸ்கனியில் ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருக்கும் கியாந்தி கிளாசிகோ பகுதிதான் பெரிய கூட்டத்துக்கு எளிது. கிரேவே, ராத்தா, காஸ்தெல்லினா, கயோலே ஆகிய ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன. ஃப்ளாரன்ஸிலிருந்து கிரேவே 30 கி.மீ. அளவுதான் என்றாலும் வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இன்னும் தெற்கே மொந்தால்ச்சீனோவும் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கும் படங்களில் வரும் சைப்ரஸ் மர வரிசைகளுக்குப் பேர் போனவை. ஆனால் ஃப்ளாரன்ஸிலிருந்து போக இரண்டு மணி நேரம் ஆகும்.

வடமேற்கே பியெமோந்தேயின் லாங்கே குன்றுகள் பரோலோ, பார்பரெஸ்கோ ஒயின்களின் ஊர். தூரின் விமான நிலையம் பக்கம், மிலானின் மால்பென்சா கொஞ்சம் தூரம். வெனிஸுக்கு வடக்கே வால்தொப்பியாதெனேயில் புரோசெக்கோ என்ற நுரை ஒயின் விளைகிறது. பெர்கமோ, மிலான் பக்கம் வந்து இறங்குபவர்களுக்கு இசேயோ ஏரிக்கரையின் ஃபிரான்சியாகோர்த்தா வசதி.

ஃப்ளாரன்ஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை சிறியது. காற்று பலமாக அடித்தால் விமானங்களைப் பீசாவுக்கோ போலோனியாவுக்கோ திருப்பிவிடுவார்கள். முக்கியமானவர்களைக் கல்யாணத்துக்கு முதல் நாள் அங்கே வந்து இறங்கும்படி விடாதீர்கள். துபாய் வழியாக வருகிறவர்கள் நேரே போலோனியாவில் இறங்கி, அங்கிருந்து அதிவேக ரயிலில் ஃப்ளாரன்ஸ் போவது பெரும்பாலும் நிம்மதி. ரயில் பயணம் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எந்த மாதம்?

வைகாசி. இதைச் சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை கொடிகள் பச்சையாக இருக்கும், வெயில் தாங்கும், ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். பிற்பகலில் மழை வரக்கூடும். அதனால் கூரைக்குக் கீழே எல்லாரும் உட்காரக்கூடிய மாற்று இடம் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். "மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று பேசும் இடத்தை விட்டுவிடுங்கள்.

ஆடியைத் தவிர்ப்பது இங்கேயும் பொருந்தும். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பட்டுப்புடவையோடு மதியம் வெளியில் நிற்க முடியாது. ஆகஸ்ட் 15 ஃபெரகோஸ்தோ விடுமுறை. அந்த வாரம் அலுவலகங்களிலும் கடைகளிலும் ஆள் இருக்காது.

சிக்கல் புரட்டாசியில்தான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பருவநிலை அருமையாக இருக்கும், இலை நிறம் மாறத் தொடங்கும், குலைகள் தொங்கும். நம் வீடுகளில் பலர் அந்த மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை. வைக்கத் தயாராக இருந்தாலும் அதுதான் அறுவடைக் காலம் என்பதை மறக்க வேண்டாம். தஸ்கனியின் சாஞ்சொவேசே திராட்சையைச் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வெட்டுவார்கள். லாங்கேயின் நெப்பியோலோ அக்டோபருக்குப் போகும். பழம் பழுத்த நாளில் வெட்டியாக வேண்டும். உங்கள் முகூர்த்தத்துக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். அந்த வாரங்களில் முற்றத்தில் டிராக்டரும் குளவியும் இருக்கும், ஒயின் கூடத்தில் புளிப்பு வாடை இருக்கும். சில தோட்டங்கள் விருந்தையே எடுப்பதில்லை.

மே, ஜூனில் கந்தகமும் செம்பும் கலந்த மருந்தைக் கொடிக்கு அடிப்பார்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு நாளில் விருந்து நடக்கும் பக்கம் அடிப்பதில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

முகூர்த்த நேரத்தைச் சென்னைப் பஞ்சாங்கத்தை வைத்துக் குறிக்கலாமா?

கூடாது. கோடையில் இத்தாலி இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி நேரம். நேரத்தை மட்டும் கழித்தால் போதாது. லக்னமும் ராகு காலமும் அந்த ஊர்ச் சூரிய உதயத்தை ஒட்டியவை. ஊரின் பெயரைக் கொடுத்து அங்கேயே கணிக்கச் சொல்லுங்கள். ஜூனில் ஐந்தரை மணி அளவில் பொழுது விடிந்துவிடும். ஆறு மணி முகூர்த்தம் என்றால் அலங்காரத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு ஆள் வேண்டும். அங்கே ஒப்புக்கொள்பவர்கள் குறைவு, ஒப்புக்கொண்டால் கூலி கூடும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் ஒரு முகூர்த்தம் கிடைத்தால் எல்லாருக்கும் நல்லது.

கல்யாணத்தை அங்கேயே சட்டப்படி பதிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பலருக்கு எளிதான வழி, ஊரிலேயே பதிவை முடித்துவிட்டு இத்தாலியில் சடங்கை மட்டும் வைத்துக்கொள்வது. அப்படிச் செய்தால் அங்கே எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம், தோட்டத்தில் விரும்பிய மூலையில் தாலி கட்டலாம்.

வரிசையில்தான் தவறு நடக்கிறது. இத்தாலியில் சடங்கை முடித்துவிட்டு வந்து தமிழ்நாட்டில் பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மாநிலத்தின் 2009ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் மாநிலத்துக்குள் நடந்த திருமணங்களுக்கானது. அதனால் பதிவு முதலில். சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியாகப் போனால் 30 நாள் அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

அங்கேயே சட்டப்படி செய்ய விரும்பினால்?

நகராட்சியான கொமூனேயில் சிவில் திருமணம் நடக்கும். மேயரோ அவர் நியமித்தவரோ மூவர்ணப் பட்டை அணிந்து நடத்துவார். சிவில் சட்டத்தின் 143, 144, 147 பிரிவுகளை வாசித்துக் காட்டுவார். இரண்டு சாட்சிகள் வேண்டும். இத்தாலியம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். இருபது நிமிடத்தில் முடியும்.

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. சட்டம் நகராட்சிக் கட்டடத்தில் நடத்தச் சொல்கிறது. சில கொமூனேக்கள் குறிப்பிட்ட மாளிகைகளையும் தோட்டங்களையும் திருமணம் நடத்தும் இடமாக முறைப்படி அறிவித்திருக்கும். நீங்கள் பார்த்திருக்கும் தோட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கொமூனேயிடமே கேளுங்கள். விற்பனையாளர் "ஆமாம்" என்பது போதாது.

எந்தச் சொத்து முறை என்றும் அன்றே கேட்பார்கள். எதுவும் சொல்லாவிட்டால் இத்தாலியச் சட்டத்தில் சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும். தனித்தனியாக வேண்டுமென்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். மணமகள் விவாகரத்தானவராகவோ கணவரை இழந்தவராகவோ இருந்தால் 300 நாள் காத்திருப்பு உண்டு. நீதிமன்றத்தில் விலக்குக் கேட்கலாம், அதற்கும் நாளாகும்.

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு என்னென்ன காகிதம்?

மையமானது நுல்லா ஓஸ்தா. இந்தத் திருமணத்துக்குத் தடை இல்லை என்று உங்கள் நாடு தரும் சான்று அது. சிவில் சட்டம் 116ஆம் பிரிவு கேட்கிறது. ரோமில் உள்ள இந்தியத் தூதரகமோ மிலானில் உள்ள துணைத் தூதரகமோ தரும். அவர்கள் வழக்கமாகக் கேட்பவை பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரத்துக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் (காகிதம் வெளிநாட்டிலும் செல்லும் என்ற முத்திரை) என்று இரண்டு படி. கையில் வந்த நுல்லா ஓஸ்தாவில் 16 யூரோ வருவாய் முத்திரை ஒட்டி, ப்ரெஃபெத்தூரா என்னும் மாவட்ட ஆட்சி அலுவலகத்தில் கையொப்பத்தை உறுதி செய்த பிறகே கொமூனேக்குப் போக முடியும். ஆறு மாதம்தான் செல்லும். ரொம்ப முன்னால் வாங்கினால் காலாவதியாகிவிடும்.

தமிழர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அந்த இடத்தில் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும். நுல்லா ஓஸ்தாவில் இரு பெற்றோரின் பெயரும் பிறந்த ஊரும் வர வேண்டும். மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தால் இத்தாலியப் பதிவாளர் நிறுத்திவிடுவார். ஒரே நபர் என்ற பிரமாணப் பத்திரத்தை ஊரிலேயே தயார் செய்து, அதற்கும் அபோஸ்டில் வாங்கி வாருங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு?

பிரிட்டன் குடிமக்கள் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இருமொழிச் சட்டபூர்வ அறிவிப்பு ஒன்றையும் தர வேண்டும். இங்கிலாந்தில் அறிவிப்பு 28 நாள் ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்க, ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு அவரவர் நாட்டு வழிக் காகிதத்தோடு அத்தோ நொதோரியோ என்ற சத்தியப் பத்திரமும் வேண்டும். அதை இத்தாலியத் துணைத் தூதரகத்திலோ இத்தாலிய நீதிமன்றத்திலோ இரண்டு சாட்சிகளோடு எடுக்கலாம். மணமக்கள் வெவ்வேறு நாட்டுக் குடிமக்கள் என்றால் ஒவ்வொருவரும் தன் நாட்டு வழியில் போக வேண்டும்.

இந்து முறைத் திருமணத்துக்கே இத்தாலியில் சட்ட அங்கீகாரம் உண்டா?

உண்டு, ஒரு வழியில். இத்தாலிய இந்து ஒன்றியத்துக்கும் அரசுக்கும் இடையிலான உடன்பாடு 2012 டிசம்பர் 31 தேதியிட்ட 246ஆம் எண் சட்டமாயிற்று. அந்த ஒன்றியம் அங்கீகரித்த குருமார் நடத்தும் திருமணத்துக்குச் சிவில் செல்லுபடி உண்டு. கொமூனேக் காகிதங்கள் அதற்கும் வேண்டும். சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ நீங்கள் அழைத்து வரும் புரோகிதர் நடத்தினால் அது சடங்கு மட்டுமே.

கத்தோலிக்கர்கள் ஆலயத்துக்குள்தான் வைக்க முடியும். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே திருப்பலி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சொந்தப் பங்கிலிருந்து ஆயர் இல்லம் வழியாகக் காகிதம் போக வேண்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்றும் கேட்பார்கள்.

ஹோமம் வளர்க்கலாமா?

நெருப்பைப் பற்றி அங்கே பயம் அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. தஸ்கனியில் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை. வறட்சி நீண்டால் தடையும் நீளும். மற்ற மாதங்களிலும் காட்டை ஒட்டிய இடம் என்றால் கட்டுப்பாடு இருக்கும். ஆடியைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம்.

அனுமதி உள்ள காலத்தில் காய்ந்த புல்லில் வைக்காதீர்கள். கல் பாவிய முற்றத்தில், இரும்புத் தட்டில் ஐந்து செ.மீ. மணல் பரப்பி, அதன்மேல் செம்புக் குண்டம் வைத்து, பக்கத்தில் தீயணைப்பானும் இரண்டு வாளித் தண்ணீரும் வைத்தால் உரிமையாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புதல் எழுத்தில் வேண்டும். "சிறிய நெருப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல் குண்டத்தின் அளவு, எத்தனை நிமிடம் எரியும், எந்த இடம் என்று படத்தோடு அனுப்புங்கள். பழைய ஓவியம் உள்ள கூடத்துக்குள் புகைக்கு இடமே கிடையாது.

நெய், பூ, வெற்றிலையை ஊரிலிருந்து எடுத்துப் போகலாமா?

இதில்தான் பெட்டி திறக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகத் தடை. நெய் பாலில் வருவது, பால்கோவாவும் அப்படியே. பூ, மாவிலை, வெற்றிலை, கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருட்களுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். விதிவிலக்குப் பழங்கள் ஐந்து: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன். நமக்கு அதில் இரண்டு போதும்.

கற்பூரம் விமானத்தில் போகாது, எளிதில் தீப்பற்றும் பொருள். கொப்பரையும் போகாது. மஞ்சள், குங்குமம், கொட்டைப்பாக்கு, மாங்கல்யம், பூணூல் ஆகியவற்றால் தொல்லை இல்லை.

லண்டன் உறவினரிடம் சொல்லி வைத்துவிட்டோம் என்று நிம்மதியடைய வேண்டாம். பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலிருந்து வருபவர்களுக்கும் இதே விதிதான். பாரிஸிலிருந்து வரும் உறவினர்தான் கைகொடுப்பார். லா ஷப்பேல் தமிழ்க் கடைகளில் மாலை, வாழை இலை, வெற்றிலை எல்லாம் கிடைக்கும், ஒன்றியத்துக்குள்ளேயே பயணம் என்பதால் அந்தச் சோதனை இல்லை. நெய்க்கு இத்தாலியப் பல்பொருள் அங்காடியில் புர்ரோ கியாரிஃபிகாதோ என்று கேளுங்கள், உருக்கிய வெண்ணெய் அது. ரோமில் எஸ்குயிலினோ சந்தையில் தெற்காசியப் பொருட்கள் கிடைக்கும்.

நகை விஷயத்தில், கிளம்பும் முன் இந்திய விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது அதே நகைக்குத் தீர்வை கேட்கக்கூடும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல்லை நம்பி விடாதீர்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைப்பது. ரிசோத்தோ என்ற அரிசி உணவில் இறைச்சிச் சாறு ஊற்றுவது வழக்கம். பன்னா கோத்தா என்ற இனிப்பில் ஜெலட்டின். சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு. லாங்கேயின் தயாரின் பாஸ்தாவில் நிறைய முட்டை மஞ்சள் கரு, காய்க்குத் தொட்டுக்கொள்ளும் பாஞ்ஞா காவ்தாவில் நெத்திலி. தஸ்கனி இந்த வகையில் தோதானது: மாவும் தண்ணீரும் கொண்டு உருட்டும் பிச்சி பாஸ்தா, காய்கறி ரொட்டி சூப்பான ரிபொல்லித்தா, தக்காளி ரொட்டி சூப்பான பப்பா அல் பொமொதோரோ, ரொட்டி சாலட்டான பன்ஸனெல்லா எல்லாம் இயல்பிலேயே காய்கறிச் சாப்பாடு. மேலே தூவும் பாலாடைக்கட்டியை மட்டும் மாற்றச் சொன்னால் போதும்.

இட்லி, சாம்பார் வேண்டுமென்றால் வெளியிலிருந்து இந்தியச் சமையல் குழு வர வேண்டும். தோட்டத்தின் சமையலறையை வெளியாருக்குத் தர அனுமதிக்கிறார்களா, அதற்குத் தனி வாடகையா என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து பரிமாற உணவுப் பாதுகாப்பு விதி காரணமாகப் பலர் விடமாட்டார்கள். மின்சாரமும் கணக்கில் வரட்டும்: இத்தாலிய வீட்டு இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். பழைய பண்ணை வீட்டில் கிரைண்டரும் சூடு பெட்டியும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் ஃபியூஸ் போகும். ஜெனரேட்டர் தேவையா என்பதைச் சமையல்காரரும் ஒலி அமைப்பவரும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

காலை முகூர்த்தம் முடிந்ததும் பந்தி உடனே வேண்டும். இத்தாலிய விருந்து ஒன்றரை மணி நேர அபெரிதீவோ (சாப்பாட்டுக்கு முந்தைய பானமும் கொறிப்பும்), பிறகு மூன்று மணி நேர உணவு என்று நடக்கும். பெரியவர்கள் பசியோடு காத்திருக்க மாட்டார்கள். காலை டிபனைத் தனி வேளையாகவே பேசிவிடுங்கள்.

ஒயின் எத்தனை பாட்டில்?

விருந்தினரை எண்ணாமல் குடிப்பவர்களை எண்ணுங்கள். 80 பேரில் 45 பேர் குடிப்பார்கள் என்று வைப்போம். 750 மி.லி. பாட்டிலில் 125 மி.லி. வீதம் ஆறு கிளாஸ். அபெரிதீவோவுக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ் நுரை ஒயின் என்றால் 15 பாட்டில். சாப்பாட்டோடு ஆளுக்கு மூன்று கிளாஸ், 23 பாட்டில். வாழ்த்துக்கு இன்னும் 7. மொத்தம் 45, கையிருப்போடு 50. திறக்காத பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

தோட்டங்கள் தங்கள் ஒயினைத்தான் ஊற்றச் சொல்லும். அது நியாயம்தான், அதற்காகத்தானே அங்கே போகிறோம். வேறு ஒயின் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு இவ்வளவு என்று மூடி திறப்புக் கட்டணம் உண்டு. கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 சதம் சாஞ்சொவேசே இருக்கும். மொந்தால்ச்சீனோவின் புருனெல்லோ ஒயின் முழுக்கவும் அதே திராட்சை. கோடைப் பகல் விருந்தில் 30 டிகிரி சூட்டில் சிவப்பு ஒயின் சாராய வாடைதான் அடிக்கும். 16 முதல் 18 டிகிரியில் ஊற்றச் சொல்லுங்கள், சான் ஜிமிஞ்ஞானோவின் வெர்னாச்சா போன்ற வெள்ளையைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பும்போது இந்தியச் சுங்கம் ஆளுக்கு 2 லிட்டர் மதுவைத் தீர்வையின்றி விடும்.

முன்பணம் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். கபார்ரா கொன்ஃபிர்மதோரியா என்றிருந்தால், நீங்கள் பின்வாங்கினால் பணம் போய்விடும். அவர்கள் பின்வாங்கினால் இரு மடங்கு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிவில் சட்டத்தின் 1385ஆம் பிரிவு. அக்கோந்தோ என்றிருந்தால் அது விலையில் ஒரு பகுதிதான், அந்தப் பாதுகாப்பு இல்லை.

வரி சேர்ந்த விலையா என்று ஒவ்வொரு தாளிலும் கேளுங்கள். திட்டமிடுபவருக்கு 22 சதவீத வரி, தங்குமிடத்துக்கும் உணவு பரிமாறலுக்கும் பொதுவாக 10. ரொக்கம் 5,000 யூரோவை எட்டினால் சட்டப்படி வாங்க முடியாது. "ரொக்கமாகத் தந்தால் குறைப்போம்" என்பவரிடம் பில் கிடைக்காது. தகராறு வந்தால் உங்கள் கையில் எதுவும் இருக்காது. அக்ரிதூரிஸ்மோ என்ற பண்ணைத் தங்குமிட வகை இடமென்றால் எத்தனை பேருக்கு உணவு பரிமாற அனுமதி என்பதையும் கேளுங்கள்.

நாதஸ்வரம், டி.ஜே.?

இசைக்கு எஸ்.ஐ.ஏ.இ. என்ற காப்புரிமை அமைப்பின் அனுமதி வாங்க வேண்டும். தனியார் விருந்தானாலும், பாட்டு தமிழானாலும் வேண்டும். வெளியில் ஒலிபெருக்கியைப் பல ஊர்களில் இரவு 11 அல்லது 12 மணிக்கு நிறுத்தச் சொல்வார்கள், அதன்பின் உள்ளே போக வேண்டும். காலையில் தவில் ஒலிக்கும் என்பதைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கில் சத்தம் தூரம் போகும்.

போக்குவரத்து?

தோட்டங்களுக்குப் போகும் பல பாதைகள் வெண்சரளை மண்பாதைகள். 50 இருக்கைப் பேருந்து திரும்ப இடமிருக்காது. 20 முதல் 30 இருக்கை வண்டிகளாக எடுங்கள், உரிமையாளரிடம் "இதுவரை வந்த பெரிய வண்டி எது" என்று கேளுங்கள். ஓட்டுநருக்கு ஐரோப்பிய விதிப்படி தினசரி ஓய்வு உண்டு. காலை எட்டு மணிக்கு ஆட்களைக் கொண்டுவந்தவர் இரவு ஒரு மணிக்குத் திருப்பிக்கொண்டு போக முடியாது. இரண்டாவது ஓட்டுநருக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கார் எடுப்பவர்கள் ஃப்ளாரன்ஸ், சியெனா நகர மையத்தில் வெளி வண்டிகளுக்குத் தடை உள்ள பகுதிக்குள் நுழைந்தால் கேமரா படம் எடுக்கும். அபராதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவின் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம்.

விருந்தினர் விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன்பு. ஆனால் கோடைக்கு முன் நேரப் பதிவு கிடைப்பதே பெரும்பாடு, எனவே ஐந்து மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதினருக்கு 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அழைப்பிதழோடு தங்குமிட உறுதியில் ஒவ்வொருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். "குடும்பத்தார் 40 பேர்" என்ற ஒரே கடிதத்தால் வேலை நடக்காது.

கல்யாணம் முடிந்த பிறகு என்ன வாங்கி வர வேண்டும்?

சிவில் திருமணம் என்றால் கொமூனேயில் பன்மொழித் திருமணச் சான்றின் பிரதிகளை நாலைந்து வாங்குங்கள். இந்தியாவில் பயன்படுத்த ப்ரெஃபெத்தூராவில் அபோஸ்டில் போட வேண்டும். கல்யாணம் சனிக்கிழமை நடந்தால் அலுவலகம் திங்கள்தான் திறக்கும், சிறிய ஊர்களில் பதிவேட்டு வேலைக்கே சில நாள் எடுக்கலாம். திங்கள் காலை விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், உங்கள் சார்பில் வாங்கி அனுப்பும் பொறுப்பை ஒருவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.